செம்பிக்குப் போடும் ஊசி: நித்யகல்யாணி நாய்ப் புற்றை நிறுத்துவது எப்படி?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் செம்பி என்ற பெட்டை நாய்க்கு மூன்று வாரமாகச் சொட்டுச் சொட்டாக ரத்தம். பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து முதலில் விட்டுவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் கையுறை போட்டுப் பார்த்தபோது பெண்ணுறுப்புக்குள் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி. அதிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "புற்றுநோய்தான். பயப்படாதீங்க, வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம் வரைக்கும் போடலாம்" என்றிருக்கிறார். வாசகி கேட்டது நான்கு கேள்விகள். வீட்டிலிருக்கும் இன்னொரு நாய்க்கு இது ஒட்டுமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா? அந்த ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளுக்கு ஒட்டாது. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடலாம். ஆனால் இன்னொரு நாய்க்கு ஒட்டும். புற்றுநோய் எப்படி ஒட்டும் என்று கேட்பீர்கள். இங்கே பரவுவது கிருமி இல்லை, புற்றுசெல்லே நேராகப் பரவுகிறது. இணைசேரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும் கட்டியிலிருந்து உதிரும் உயிருள்ள செல்கள் அடுத்த நாயின் மேல் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. அதாவது, செம்பியின் கட்டியில் இருக்கும் செல்கள் செம்பியுடையவை அல்ல. அவை வேறொரு நாயின் செல்கள். அந்த நாய் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செத்துவிட்டது.

ரஷ்யக் கால்நடை மருத்துவர் நொவின்ஸ்கி 1876-லேயே ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு ஒட்டவைத்து வளரச் செய்து காட்டினார். எல்லா ஊர்க் கட்டிகளும் ஒரே நாயிலிருந்து வந்தவை என்பது மரபணு ஆய்வில் உறுதியானது 2006-ல். 2019-ல் 43 நாடுகளிலிருந்து வந்த 546 கட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் எங்கோ வாழ்ந்த ஒரு நாயிடம் இது தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. சாதாரண நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் 57 முதல் 59 வரைதான், பல ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். செல்லின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அடையாளப் புரதங்களை இந்தச் செல்கள் வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் செம்பியின் நோய் எதிர்ப்புச் செல்கள் பக்கத்திலேயே சுற்றினாலும் இது வெளியாள் என்று கண்டுபிடிப்பதில்லை.

இனி ஊசிக்கு வருவோம். மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து எடுப்பது. சில ஊர்களில் இதற்கே சுடுகாட்டு மல்லி என்று பெயர், வீட்டில் வைக்கக்கூடாது என்பார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். இதன் பூர்வீகம் மடகாஸ்கர். 1952-ல் ஜமைக்காவிலிருந்து கொஞ்சம் இலைகள் கனடாவுக்குத் தபாலில் போயின. சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் இதன் கஷாயத்தைக் குடிப்பதால், அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். கனடாவில் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணுக்களைச் சரியவைக்கும் பொருள் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த யோசனை பிடித்துத்தான் வின்பிளாஸ்டினும், பிறகு இன்னொரு குழுவின் உழைப்பில் வின்கிரிஸ்டினும் வந்தன. வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றுவரை இது முக்கியமான மருந்து.

20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு தடவை போடும் அளவு ஏறக்குறைய அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைப் பல நூறு பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. இவ்வளவு குறைவான மருந்து கைப்பிடி அளவுக் கட்டியை எப்படிக் கரைக்கிறது? எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செல் பிரிதலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, நடுவில் வரிசை கட்டி, கதிர்க்கோல் இழைகள் இரண்டு பக்கமும் இழுக்க, செல் இரண்டாகிறது. பாடப்புத்தகப் படத்தில் அந்த இழைகள் கட்டிவைத்த கயிறு மாதிரி அசையாமல் இருக்கும். உண்மையில் அவை ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை.

ஒவ்வொரு இழையும் ஒரு நுண்குழல். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் செங்கல் செங்கலாக அடுக்கி, பொதுவாக 13 வரிசைகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழலாகின்றன. விட்டம் 25 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. குழலின் நுனியில் புதிய செங்கற்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும், குழல் மெதுவாக நீளும். ஒவ்வொரு செங்கல்லும் வரும்போது ஜிடிபி என்ற சிறு ஆற்றல் மூலக்கூறைச் சுமந்து வருகிறது. சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அது எரிந்துவிடும். எரிந்துபோன செங்கல் வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். நுனியில் எரியாத புதுச் செங்கற்கள் மூடிபோல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை குழல் நிற்கும். மூடி போனதோ, வாழைப்பழத் தோல் உரிவதுபோல் வரிசைகள் வெளியே வளைந்து, குழல் சரசரவென்று குலைந்து சுருங்கும். சட்டென்று ஓரிடத்தில் மறுபடி மூடி பிடித்து, வளரத் தொடங்கிவிடும். செல் ஆய்வாளர்கள் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984-ல் இதை விவரித்தார்கள்.

எதற்கு இந்த வீண்வேலை? இது வீணில்லை, தேடல். செல்லுக்குள் குரோமோசோம் எங்கே கிடக்கிறது என்று நுண்குழலுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டித் துழாவுகிறவர்போல ஒரு திசையில் நீளும், ஒன்றும் அகப்படாவிட்டால் சுருங்கும், வேறு திசையில் நீளும். தற்செயலாக ஒரு குரோமோசோமின் கொக்கியில் பட்டால் பிடித்துக்கொள்ளும். இப்படித் துழாவித் துழாவி ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் இழை மாட்ட வேண்டும். ஒன்று மாட்டாமல் கிடந்தாலும் அதன் கொக்கி "பொறு, பொறு" என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். தேரில் எல்லா வடமும் பூட்டி, கொடி அசையும்வரை ஒருவரும் இழுக்காமல் காத்திருப்பார்களே, அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு செல் பிரிதலிலும் நடக்கிறது.

வின்கிரிஸ்டின் போய் உட்காருமிடம் இந்த நுண்குழலின் நுனி. அளவு மிக அதிகமானால் குழல்களே கரைந்துவிடும். குறைந்த அளவில் குழல்கள் அப்படியே இருக்கும், அவற்றின் துடிப்பு மட்டும் நின்றுபோகும். நுனியில் ஓரிரு மூலக்கூறுகள் உட்கார்ந்தாலே போதும், நீள்வதும் சுருங்குவதும் முடங்கிவிடும். முழுக் குழலையும் மூட வேண்டியதில்லை, நுனியைப் பிடித்தால் போதும் என்பதால்தான் இவ்வளவு சிறிய அளவு மருந்து இவ்வளவு பெரிய வேலை செய்கிறது. துழாவல் நின்றால் சில குரோமோசோம்கள் மாட்டாமல் கிடக்கும். "பொறு" என்ற சமிக்ஞை ஓயாது. செல் பாதிப் பிரிதலில் மணிக்கணக்காகக் காத்துக் காத்து, கடைசியில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். டாக்சால் என்ற புற்று மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நுண்குழலைக் குலையவே விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. செய்வது நேர் எதிர் வேலை, கிடைப்பது அதே முடிவு. துடிப்புதான் உயிர்நாடி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

செம்பிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. செல்கள் கும்பலாகச் சாகும்போது அழற்சி கிளம்பும். அதுவரை ஒளிந்திருந்த கட்டி வெளிச்சத்துக்கு வருகிறது. வின்கிரிஸ்டின் போட்ட நாய்களின் கட்டிகளிலிருந்து அடுத்தடுத்துத் துணுக்குகள் எடுத்து ஆராய்ந்தபோது, கட்டி கரையும் சமயத்தில் எதிர்ப்புச் செல்கள் உள்ளே படையெடுத்து வருவது தெரிந்தது. மருந்து தொடங்கிவைக்க, நாயின் உடல் முடித்துவைக்கிறது. கட்டியின் செல்கள் அந்நியருடையவை என்பது இங்கே கைகொடுக்கிறது. அதனால்தான் இந்த நோயில் பத்து நாய்களில் ஒன்பதுக்கு மேல் முழுதாகக் குணமாகின்றன. லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) போன்ற, நாயின் சொந்தச் செல்லிலிருந்து வரும் புற்றுகளில் இதே மருந்தை இன்னும் சிலவற்றோடு சேர்த்துக் கொடுத்தாலும், பெரும்பாலும் நோயைத் தள்ளிப்போடத்தான் முடிகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். துழாவுகிற நுண்குழல் புற்றுசெல்லில் மட்டும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்களை உண்டாக்கும் செல்களும் ஓயாமல் பிரிகின்றன. ஊசி போட்ட நான்கிலிருந்து ஏழாவது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் ஆபத்து. பச்சை இறைச்சி வேண்டாம், தெருவில் அலையவிட வேண்டாம், காய்ச்சல் பாருங்கள். நாயின் இயல்பான வெப்பம் நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினாலோ, சுருண்டு படுத்துச் சாப்பாட்டை முகரக்கூட மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள், அவை நாய்க்கு விஷமாகலாம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை கேட்பது பணம் பிடுங்க அல்ல. வெள்ளை அணு 4,000-க்குக் கீழே இருந்தால் ஊசியைச் சில நாள் தள்ளிப்போடுவது வழக்கம்.

நரம்புகளிலும் நுண்குழல் உண்டு. அங்கே அது தண்டவாளம், நரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரக்கு அதன் மேல்தான் போகிறது. குடலை அசைக்கும் நரம்புகள் மந்தமானால் மலச்சிக்கல். எங்கள் நாய் கறுப்பிக்கு இதே சிகிச்சை நடந்தபோது இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூன்று நாள் மலம் கழிக்கவில்லை. முக்கி முக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு மருந்துதான் காரணம் என்று எங்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளே டாக்டருக்கு போன் செய்திருப்பேன். வேகவைத்த மஞ்சள் பூசணியைக் கோழிச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம், தண்ணீர் நிறையக் கொடுத்தோம், மருத்துவர் மருந்தும் கொடுத்தார், சரியானது. வாந்தியோடு வயிறும் உப்பினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முடி கொட்டுமா என்று வாசகியின் மகள் கேட்டாளாம். பெரும்பாலும் கொட்டாது. நாயின் முடி அநேகமாக ஓய்வு நிலையில் இருப்பது, பிரியாத செல்லை இந்த மருந்து அதிகம் தொடாது. பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் கொட்டும். செம்பிக்கு மீசை ரோமம் வேண்டுமானால் போகலாம், திரும்ப வந்துவிடும்.

இந்த மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால்தான் மருந்து. கசிந்து சதையில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஊசி போடும்போது செம்பியின் தலையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். அடுத்த நாட்களில் ஊசி போட்ட இடத்தை விடாமல் நக்கினாலோ, வீங்கிச் சிவந்தாலோ உடனே காட்டுங்கள். மருந்து பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுவதால் மூன்று நாளுக்குக் கையுறை போட்டு அள்ளுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வேண்டாம். தோல் பூஞ்சைக்குக் கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை வின்கிரிஸ்டினை உடலில் தேங்கவைத்து நஞ்சாக்கிவிடும்.

வாசகியின் மாமியார், "வாசல்ல இருக்கிற இலையை அரைச்சுக் குடுத்தா போதுமே" என்றாராம். தயவுசெய்து வேண்டாம். அந்த இலையில் ஆல்கலாய்டு என்ற வீரியமான தாவர வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. வின்கிரிஸ்டின் மிகமிகக் குறைவு, ஒரு கிராம் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அரைத்துக் கொடுத்தால் நோய்க்கு வேண்டியது போய்ச் சேராது, மற்ற நஞ்செல்லாம் சேரும். ஒருமுறை இணைசேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது இன்னொரு நாய்க்கு நோயைக் கொடுக்கிற வழி. பாவம், தோஷம் என்று சொல்லி இந்த நாய்களை ஊர் எல்லையில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆறு ஊசியில் தீரக்கூடிய நோய்க்கு ஒரு பிராணி அப்படிச் சாவதைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை.

பிரிட்டனில் தெருநாய்களைக் கட்டுப்படுத்தியபோது இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. நம் ஊரில் கருத்தடைத் திட்டங்களை நாய்த் தொல்லைக்கான செலவாகவே பார்க்கிறோம். அவை ஒரு புற்றுநோயையே ஒழிக்கக்கூடியவை. இந்தக் கட்டியின் மரபணு ஆய்வுகளை முன்னின்று நடத்தியது பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். நோய் இருப்பது நம் தெருவில், நோயாளிகள் தினமும் வருவது நம் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு. அந்தக் கல்லூரிகளுக்கு மரபணு வரிசை பார்க்கும் கருவியும் பத்தாண்டுக்கு நிதியும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கட்டி எதிர்ப்பாற்றலிடமிருந்து எப்படி ஒளிகிறது, எப்படி மாட்டிக்கொள்கிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய் வேறு அதிகம் இல்லை. மனிதப் புற்றுக்கும் அந்தப் பாடம் வேண்டும்.

கட்டி முழுதாகக் கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை இரண்டு நாய்களையும் தனித்தனியாகக் கட்டுங்கள், ஒரே தட்டில் சாப்பாடு வேண்டாம். பிறகு செம்பிக்குக் கருத்தடை செய்துவிடலாம். அவளுக்கு இரண்டாவது ஊசி வருகிற வியாழக்கிழமை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஊசிக்குப் பிறகு வரும் திங்கள் முதல் அந்த வார வியாழன் வரை தெர்மாமீட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.