தேம்ஸ் நதியும் குரங்கு குல்லாவும்

மார்கழி பிறந்தால் என் கிளினிக் பெஞ்சில் குரங்கு குல்லாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "பனி ஒத்துக்கல டாக்டர்" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நுரையீரல் மருத்துவம் படித்த நானும் பல வருஷம் அதை அப்படியே நம்பி, "காலையில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என் புத்தியைத் திருப்பியது ஓவியங்கள் என்றால் சிரிப்பீர்கள். 2024 கடைசியில் லண்டன் போயிருந்தபோது, கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் க்ளோத் மோனேயின் தேம்ஸ் ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. பிரெஞ்சுக்காரரான மோனே 1899 முதல் 1901 வரை மூன்று தடவை லண்டன் வந்து, ஆற்றைப் பார்த்த ஸாவாய் ஹோட்டலில் தங்கினார். பால்கனியில் நின்றால் இடப்பக்கம் வாட்டர்லூ பாலம், வலப்பக்கம் சாரிங் கிராஸ் ரயில் பாலம். சாயங்காலம் அக்கரைக்குப் போய், செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலிருந்து எதிரே தெரியும் நாடாளுமன்றத்தை வரைவார். ஆக மொத்தம் நூறு ஓவியங்களுக்குக் கொஞ்சம் குறைவு. 1904இல் பாரிஸில் அவற்றில் 37 காட்சிக்கு வந்தன.

வாட்டர்லூ பாலம் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வளைவுகள் கத்தரிப்பூ நிறத்தில் கரைந்து கிடந்தன. பாலத்துக்குப் பின்னால், பென்சிலால் லேசாகக் கிழித்தாற்போல் சில கோடுகள். கிட்டப் போய்ப் பார்த்தேன்: அக்கரைத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். பக்கத்தில் நின்றவர்கள் பனியின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொழில் புத்தி, புகைபோக்கிகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மோனேயே மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் மூட்டமே இல்லை. ஓவியமெல்லாம் போச்சு என்று பதறிவிட்டார். அப்புறம் வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள், புகையும் மூட்டமும் திரும்பி வந்தன, அவருக்கும் உயிர் வந்தது! அடுப்பு மூட்டியதும் வருகிற பனி எந்த ஊரில் உண்டு?

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும். அதற்கு மேல் சூடான காற்று, பானைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். நிலக்கரிப் புகைக்கு மேலே போக வழியில்லை. புகைத் துகளில் ஈரம் ஒட்டித் துளியாகும், கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலமாகும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, மோனே, டர்னர் இருவரின் ஓவியங்களும் மங்கிக்கொண்டே போனதை அந்தக் காலத்துக் காற்று மாசோடு பொருத்திக் காட்டியது.

1901இல் லண்டனில் இருந்தபோது மோனேவுக்கு ப்ளூரசி, அதாவது நுரையீரல் உறையில் அழற்சி, வந்து படுத்துவிட்டார். ஊர்ப்புகைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மனிதர் கையில் எந்நேரமும் சிகரெட். ஆனால் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அதே நகரத்தை மூடிய புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது அன்றைய கணக்கு. பின்னாளில் அது 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். தூய காற்றுச் சட்டம் 1956இல்தான் வந்தது.

இப்போதெல்லாம் பனி என்று சொல்பவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "அந்தப் பனிக்கு வாசனை உண்டா?" ஓர் ஆட்டோ ஓட்டுநர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரப்பர் எரிச்ச மாதிரி இருக்கும் டாக்டர்." அவர் வீட்டுக்கு எதிரே காலி மனை, விடியற்காலையில் குப்பைக்குத் தீ வைப்பார்களாம்.

குல்லாவும் மஃப்ளரும் குளிருக்குச் சரி, புகைத் துகளை நிறுத்தாது. வெளியே போயே ஆக வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். நடைப்பயிற்சியை வெயில் ஏறி மூட்டம் கலைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தினசரி இன்ஹேலரை, மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

போன வாரம் அந்த ஓட்டுநர் குல்லா இல்லாமல் வந்தார். இருமல் குறைந்திருக்கிறது, நடையை எட்டு மணிக்கு மாற்றிவிட்டாராம். "குப்பை கொளுத்துகிறவரிடம் பேசினீர்களா?" என்று கேட்டேன்.

"அது என் மச்சான்தான் டாக்டர்" என்றார்.