புயல் செய்தி கடலில் எதுவரை போகும்?

அரசின் செய்தித் துறைகள் வானிலையைக் கணிப்பதில்லை. கணித்தவர்கள் சொன்னதை, கேட்க வேண்டியவர் காதில் உரிய நேரத்தில் போட்டுவைப்பதே அவற்றின் வேலை. அது எங்கே அறுந்துபோகும் என்பதைக் குமரி மாவட்டக் கடற்கரை ஒக்கிப் புயலில் உயிர்களை இழந்து தெரிந்துகொண்டது.

ஓர் எச்சரிக்கை பல கைகள் மாறி வருகிறது. கணிக்கும் வானிலைத் துறை 2006 முதல் புவி அறிவியல் அமைச்சகத்தில் இருக்கிறது. வானொலியை நடத்தும் பிரசார் பாரதி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை, பி.ஆர்.ஓ. எனப்படும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் எல்லாரும் மாநில அரசின் ஆட்கள். அறிக்கை சென்னையிலிருந்து நாகர்கோவில் வந்து, மீன்வளத் துறை வழியாகக் கடலோரக் கிறிஸ்தவப் பங்குகளின் ஆலய ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. பி.ஆர்.ஓ.வின் பத்திரிகைக் குறிப்பு தனியாக நிருபர்களுக்கும் வானொலிக்கும் போகிறது.

கை மாறும்போதெல்லாம் ஏதாவது உதிரும். 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்' என்ற வரியைச் சுருக்குகிறவர் பெரும்பாலும் கடைசி எண்ணைத்தான் விட்டுவிடுவார். வள்ளத்தைக் கவிழ்ப்பது அந்தக் கடைசி எண். எந்த நாள், எந்த மணி வரை என்ற குறிப்பு உதிர்ந்தால், நேற்றைய எச்சரிக்கை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். நாலாவது முறை யாரும் நம்பமாட்டார்கள்.

2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30 காலையில் குமரிக்கடலிலேயே புயலாகிவிட்டது. புயல் எச்சரிக்கையின் படிநிலைகள், கரையில் மோசமான வானிலை தொடங்க 48 மணி, 24 மணி முன்பு எனப் பின்னோக்கி எண்ணி வகுக்கப்பட்டவை. கரைக்கு அருகிலேயே ஒரே நாளில் உருவாகும் புயலுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய குமரிக் கடலோர ஊர்களின் விசைப்படகுகளோ, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே போயிருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தன் விளம்பர இயக்குநரகம், களவிளம்பரத் துறை, இசை நாடகப் பிரிவு மூன்றையும் ஒரே அமைப்பாக இணைத்தது. இன்று அதற்கு மத்திய மக்கள் தொடர்பகம் என்று பெயர். கிராமத்தில் ஒரு திட்டத்தை விளக்க இது உதவும். கடலுக்குள் செய்தி போக உதவாது. அங்கே தடையாக நிற்பது பூமியின் வளைவு.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். அது எட்டும் தூரம் அறியக் கோபுரம், படகு இரண்டின் ஆன்டெனா உயரங்களுக்கும் (மீட்டரில்) வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்க வேண்டும். கோபுரம் 100 மீட்டர், படகின் ஆன்டெனா 3 மீட்டர் என்றால் சுமார் 48 கி.மீ., அதாவது 26 நாட்டிகல் மைல். படகுகளில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸுக்கும் இதே கட்டுப்பாடு. மீடியம் வேவ் அப்படியல்ல: உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அந்த அலை கடல்பரப்பை ஒட்டியே வளைந்து வெகுதூரம் போகும். மீடியம் வேவை மூடிவிட்டு எஃப்.எம்முக்கு மாறுவது நிலத்துக்குச் சரி. ஆழ்கடலுக்கு நிச்சயம் இழப்பு.

ஒக்கிக்குப் பின் நாவிக் எனும் இந்திய வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் வழியே செய்தி பெறும் கருவி வந்தது. முதலில் வந்தவை கேட்க மட்டுமே பயன்பட்டன; பிறகு வந்த டிரான்ஸ்பாண்டர்களில் படகிலிருந்து ஆபத்துச் செய்தியும் அனுப்பலாம். 2018இல் திருவனந்தபுரத்திலேயே புயல் எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. இது குமரிக்கு முக்கியம், ஏனென்றால் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் பல கொச்சியிலிருந்துதான் தொழிலுக்குப் போகின்றன. நாகர்கோவிலில் வெளியாகும் பத்திரிகைக் குறிப்பு அங்கே யார் கையிலும் கிடைக்காது. எந்தப் படகு எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை பேரோடு கிளம்பியது என்ற பட்டியலை இரு மாநில மீன்வளத் துறைகளும் அன்றன்றே பகிர்ந்தால்தான், எச்சரிக்கையை யாருக்கு அனுப்புவது என்றே தெரியும்.