கூச்சம் தெளிந்த ஸ்வீடன்

2010 செப்டம்பர் 19, ஸ்வீடனில் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்த இரவு. தொலைக்காட்சியில் பேச வந்த கட்சித் தலைவர்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடதுசாரிக் கட்சியின் தலைவர் லார்ஸ் ஊலி, ஜிம்மி ஓகெசன் இருக்கும் அறையில் தன்னால் மேக்கப் போட்டுக்கொள்ள முடியாது என்று எழுந்து வெளியே போய்விட்டார். ஓகெசன் 'ஸ்வீடன் டெமாக்ரட்ஸ்' கட்சியின் தலைவர். குடியேற்ற எதிர்ப்பையே மூலதனமாக வைத்திருந்த அந்தக் கட்சி, அன்றைக்கு 5.7 சதவீத வாக்கும் 20 இடங்களும் பெற்று முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 தேர்தலில் அதே கட்சிக்கு 20.5 சதவீதம். நாட்டின் இரண்டாவது பெரிய கட்சி. அதன் ஆதரவில்லாமல் வலதுசாரிகளால் ஆட்சி அமைக்க முடியாது என்ற நிலை.

இதைப் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தோன்றும் விளக்கம் ஒன்றுதான்: நிறைய பேர் வந்தார்கள், மக்களுக்கு வெறுப்பு ஏறியது, வாக்கு மாறியது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் சோம் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஸ்வீடன் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது: நாடு ஏற்கும் அகதிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல யோசனையா? 1990களின் தொடக்கத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆமாம்' என்றார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் இறங்கி இறங்கி, ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் நாடாளுமன்றத்துக்குள் வந்த காலத்தில் பாதிக்குக் கீழே இருந்தது. எதிர்ப்பு குறைந்துகொண்டிருந்த வருடங்களில்தான் எதிர்ப்புக் கட்சி வளர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் மாறியது எது? நம் ஊர்ப் பேச்சில் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது: 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்'. மனதில் இருப்பது வேறு, வெளியே சொல்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் காவல் நிற்பது அந்த நாலு பேர்தான். சமூக அறிவியலாளர்கள் இதைச் சமூக நெறி என்பார்கள். நான் கூச்சம் என்றே எழுதப் போகிறேன், விஷயம் அதுதான்.

கூச்சத்தை அளக்க முடியுமா? பொருளாதார ஆய்வாளர்கள் லியனார்டோ பர்ஸ்டின், ஜார்ஜி எகோரோவ், ஸ்டெஃபனோ ஃபியோரின் மூவரும் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். 2016 அதிபர் தேர்தலுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, டிரம்ப் ஜெயிப்பது ஏறக்குறைய உறுதி என்றிருந்த எட்டு மாநிலங்களில் சில நூறு பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி: குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் ஓர் அமைப்புக்கு உங்கள் பெயரில் 1 டாலர் நன்கொடை தருகிறோம், உங்களுக்கும் கொஞ்சம் பணம் கிடைக்கும், சம்மதமா? பாதிப் பேரிடம் உங்கள் பதில் யாருக்கும் தெரியாது என்றார்கள். மீதிப் பேரிடம், ஆய்வுக் குழுவில் ஒருவர் பின்னால் உங்களிடம் இதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்கும் தெரியாது என்றபோது 54 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஒருவருக்குத் தெரியலாம் என்றதும் அது 34 சதவீதமாக விழுந்தது. இடையில் இருக்கும் அந்த 20 புள்ளிதான் கூச்சம்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எண் போட்டதாக மட்டுமே இருந்திருக்கும். கேள்வி கேட்பதற்கு முன்பே அவர்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். கலந்துகொண்டவர்களில் சிலரிடம் மட்டும், உங்கள் மாநிலத்தில் டிரம்ப் ஜெயிக்கப் போவது நிச்சயம் என்ற தகவலைச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழுவில் ரகசியமாகச் சம்மதித்தவர்களுக்கும் வெளிப்படையாகச் சம்மதித்தவர்களுக்கும் இடையே வித்தியாசமே காணோம். கவனிக்க வேண்டியது, ரகசிய ஆதரவு ஏறவில்லை. யாருடைய மனமும் மாறவில்லை. 'சுற்றியிருப்பவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள் போல' என்று தெரிந்ததும் கூச்சம் மட்டும் போய்விட்டது. தேர்தல் முடிந்து முடிவு ஊருக்கே தெரிந்த பிறகு மறுபடி செய்து பார்த்தபோது, அந்தத் தகவலைச் சொல்லாத குழுவிலும் இடைவெளி மறைந்திருந்தது.

அதாவது, தேர்தல் முடிவு ஆட்சியை முடிவு செய்வதோடு நிற்பதில்லை. நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஊருக்கு அறிவிக்கும் தண்டோராவாகவும் ஆகிவிடுகிறது.

ஸ்வீடனுக்குத் திரும்புவோம். அங்கே கூச்சம் வாக்குச்சாவடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நம்மூரில் போல எல்லாக் கட்சிப் பெயரும் ஒரே சீட்டில், ஒரே இயந்திரத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனி வாக்குச்சீட்டு. நீண்ட காலம் அந்தச் சீட்டுகளைத் திறந்த இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். நீங்கள் எந்தச் சீட்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கலாம். மறைக்க வேண்டுமென்றால் நாலைந்து கட்சிச் சீட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சீட்டு அடுக்கைச் சுற்றி மறைப்பு கட்டாயமானது 2019இல்தான். ரகசிய வாக்கெடுப்பு உள்ள நாட்டில் இது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அரசியல் அறிவியலாளர் விசென்டே வாலென்டிம் இந்தக் கூச்சத்தை ஐரோப்பாவின் பல நாடுகளில் தேடினார். தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்கு உண்மையில் விழுந்த வாக்கையும், 'நான் அவர்களுக்குத்தான் போட்டேன்' என்று கருத்துக்கணிப்பில் ஒப்புக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார். கட்சி நாடாளுமன்றத்துக்கு வெளியே இருக்கும்வரை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. உள்ளே போய்விட்டால் அந்தத் தயக்கம் குறைகிறது. ஸ்வீடனில் நாடாளுமன்றத்துக்குள் போக 4 சதவீதம் வேண்டும். 2006இல் 2.9 சதவீதத்தில் நின்ற கட்சி 2010இல் அந்தக் கோட்டைத் தாண்டியது. வாக்கில் பார்த்தால் சின்ன நகர்வு. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு நாற்காலி, அரசுப் பணம், 'மாண்புமிகு உறுப்பினர்' என்ற தோற்றம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கின்றன.

கட்சியும் சும்மா காத்திருக்கவில்லை. 1988இல் தொடங்கியபோது அதில் நவநாஜி இயக்கங்களிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். சின்னம் கையில் ஏந்திய தீப்பந்தம், பிரிட்டனின் தீவிர வலதுசாரி நேஷனல் ஃப்ரண்ட் பாணியில். 1990களின் நடுவில் கட்சிக் கூட்டங்களில் சீருடைக்குத் தடை வந்தது. 2005இல் இருபத்தைந்து வயது ஓகெசன் தலைவரானார். அடுத்த ஆண்டே தீப்பந்தம் போய், வசந்தத்தில் பூக்கும் ஒரு சின்ன நீலப்பூ சின்னமானது. 2012இல் இனவெறிப் பேச்சுக்குக் கட்சிக்குள் துளியும் இடமில்லை என்று அறிவிப்பு. 2015இல் கட்டுக்கடங்காத இளைஞர் அணியையே வெளியே தள்ளினார்கள். உள்ளம் மாறியதா, உடை மட்டும் மாறியதா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. 2024 மே மாதம், கட்சியின் தகவல் தொடர்புப் பிரிவே பெயரில்லாத சமூக ஊடகக் கணக்குகளை நடத்துகிறது என்று டிவி4 தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. கூச்சப்பட வேண்டியதை முகமூடி போட்டுக்கொண்டு சொல்ல ஓர் ஏற்பாடு!

இப்போது 2015. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 1,62,877 பேர் ஸ்வீடனில் தஞ்சம் கேட்டார்கள். சுமார் ஒரு கோடி மக்கள்தொகை கொண்ட நாடு. முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் அன்றைய பிரதமர் ஃப்ரெட்ரிக் ரைன்ஃபெல்ட், அகதிகளுக்காக உங்கள் இதயத்தைத் திறங்கள் என்று மக்களைக் கேட்டிருந்தார். 2015 நவம்பரில் அடுத்த பிரதமர் ஸ்டெஃபான் லவேன், இனி இவ்வளவு பேரை ஏற்க முடியாது என்று கட்டுப்பாடுகளை அறிவித்தார். பக்கத்தில் நின்ற துணைப் பிரதமர், பசுமைக் கட்சியின் ஓசா ரொம்சன், கேமராக்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். அந்தக் கட்டுப்பாடு சரியா தவறா என்பது தனி விவாதம். வீடு, பள்ளி, வேலை என்று நிஜமான நெருக்கடி இருந்தது. பின்வந்த வருடங்களில் கும்பல்களின் துப்பாக்கிச்சூடும் பெருகி, 2022இல் மட்டும் 60 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கினால் அங்கே நடந்ததில் பாதி புரியாது. ஆனால் அறிவிப்பின் பக்கவிளைவு ஒன்று உண்டு. அதுவரை ஒரே ஒரு கட்சி சொல்லிக்கொண்டிருந்ததை, நாட்டின் மிகப் பெரிய மரியாதைக்குரிய கட்சியான லவேனின் சமூக ஜனநாயகக் கட்சி சொல்லிவிட்டது.

மீதியைச் செய்தது கூட்டல் கணக்கு. 2018 தேர்தலில் இடதுசாரி அணிக்கு 144 இடம், வலதுசாரி அணிக்கு 143, நடுவில் யாரும் தொடாத ஸ்வீடன் டெமாக்ரட்ஸுக்கு 62. நாடாளுமன்றத்தில் மொத்தம் 349 இடங்கள். அந்த 62ஐத் தொடாமல் ஓர் அரசு அமைக்க நான்கு மாதத்துக்கும் மேலானது. வலதுசாரி அணியின் மிதவாதக் கட்சித் தலைவர் உல்ஃப் கிறிஸ்டெர்சன் அந்தத் தேர்தலுக்கு முன்பு, யூத இனப்படுகொலையில் உயிர் தப்பிய எழுத்தாளர் ஹேதி ஃப்ரீடிடம், அந்தக் கட்சியோடு சேரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். 2019 டிசம்பரில் ஓகெசனோடு பேச உட்கார்ந்தார். 2021இல் இரு கட்சிகளும் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளும் சேர்ந்து போட்ட பட்ஜெட் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2022இல் ஸ்வீடன் டெமாக்ரட்ஸையும் சேர்த்து வலதுசாரிகளுக்கு 176, எதிரணிக்கு 173. கிறிஸ்டெர்சன் பிரதமரானார். வெறுப்பு முற்றி இந்தக் கதவைத் திறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாற்காலிக்கு இடம் போதாததால் திறந்தது.

இதற்குள் சொற்களும் இடம் மாறியிருந்தன. 2022 பிரச்சாரத்தில் சமூக ஜனநாயகக் கட்சிப் பிரதமர் மக்தலேனா ஆண்டெர்சனே, ஸ்வீடனில் சைனாடவுனோ சோமாலிடவுனோ லிட்டில் இத்தாலியோ வேண்டாம் என்றார். பத்தாண்டு முன்பு அந்தக் கட்சியில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நமக்கும் இது தெரியாத விஷயமல்ல. 'வந்தேறி' என்ற சொல்லை எழுதும்போது இன்று எத்தனை பேருக்குக் கை கூசுகிறது?

பெரிய கட்சிகள் இப்படிப் பேசுவதற்குச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. மக்கள் கேட்பதை நாமே கொடுத்துவிட்டால் தீவிரக் கட்சி காற்றுப் போன பலூனாகிவிடும் என்பதே அது. வெர்னர் கிரவுசே, டெனிஸ் கோஹன், தாரிக் அபு சாதி ஆகியோர் மேற்கு ஐரோப்பாவின் 12 நாடுகளின் தேர்தல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பெரிய கட்சிகள் குடியேற்ற விஷயத்தில் இறுக்கமான நிலைக்கு நகர்ந்தபோது தீவிர வலதுசாரிகளின் வாக்கு குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில சமயம் வாக்காளர்கள் அந்தப் பக்கமே போனார்கள். ஒரே சரக்கை இரண்டு கடை விற்கும்போது பழைய கடைக்கே ஆள் போவது வியாபாரத்தில் நாம் பார்ப்பதுதான். அதோடு, தேர்தல் பேச்சே அந்தச் சரக்கைப் பற்றியதாக மாறிவிடுகிறது. அதில் லாபம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

2022 அக்டோபரில் ஆட்சி அமைக்க வலதுசாரிக் கட்சிகளும் ஸ்வீடன் டெமாக்ரட்ஸும் கையெழுத்திட்ட டிடோ ஒப்பந்தம், ஸ்வீடன் டெமாக்ரட்ஸுக்கு ஓர் அமைச்சர் பதவிகூடக் கொடுக்கவில்லை. ஆனால் அரசு அலுவலகத்துக்குள்ளேயே அவர்களின் அதிகாரிகளுக்கு மேசை கிடைத்தது. ஐநா மூலம் ஆண்டுதோறும் ஏற்கும் அகதிகளின் எண்ணிக்கை 5,000இலிருந்து 900 ஆனது. அப்புறம், ஊர் திரும்பச் சம்மதிக்கும் குடியேறிகளுக்கான உதவித்தொகை. பெரியவர் ஒருவருக்கு 10,000 குரோனாவாக இருந்ததை உயர்த்தலாமா என்று அரசு ஓர் ஆய்வாளரை நியமித்துக் கேட்டது. பெரிதாக உயர்த்த வேண்டாம், நீங்கள் இங்கே வேண்டாதவர்கள் என்று சொல்வதாக அது அர்த்தப்படும் என்று 2024 ஆகஸ்டில் அவர் அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதம் அரசு தொகையை அறிவித்தது, 2026 முதல் 3,50,000 குரோனா வரை.