மீன் தொட்டிக்குள்ளேயே வடிகட்டி அறை: தடுப்புக் கண்ணாடிகளின் உயரக் கணக்கு

மீன் தொட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு ஒட்டி, அதன் பின்னால் ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்கள், பம்ப், ஹீட்டர் ஆகியவற்றை மறைத்து வைக்கும் உள்ளமை வடிகட்டியை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த பம்ப், எந்த வளையம் என்பதிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில், அறை சிக்கலின்றி இயங்குமா, அல்லது சில நாள்களில் பம்ப் காற்றை இழுத்துக் கருகிப்போகுமா என்பதைத் தீர்மானிப்பவை தடுப்புக் கண்ணாடிகளின் மேல் விளிம்புகள் எந்தெந்த உயரத்தில் முடிகின்றன என்பதும், கடைசி அறை எவ்வளவு அகலமானது என்பதும்தான்.

முதலில், வடிகட்டியின் வேலை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிதக்கும் தூசியை நீக்குவது அதன் சிறிய வேலை. பெரிய வேலை அம்மோனியாவை அகற்றுவது. மீன்கள் புரதத்தைச் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகின்றன. மீன் உணவில் 40 சதவீதம் புரதம் இருப்பதாகவும், புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் என்றும் கொண்டால், ஒரு கிராம் உணவில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி மட்டும் நீரில் கலந்தாலும், 60 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் வீதம் சேர்ந்துவிடும். இந்த அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் மின்னேற்றமற்ற வடிவமே மீனுக்குக் கடும் நஞ்சு. 25 டிகிரி வெப்பநிலையில், நீரின் பி.எச். மதிப்பு 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். ஒரே அளவு அம்மோனியா ஒரு தொட்டியில் மீனைக் கொல்வதும் இன்னொன்றில் கொல்லாமல் விடுவதும் இதனால்தான்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நுண்ணுயிர்கள். முதற்படியை ஒரு வகையும் இரண்டாம் படியை வேறொரு வகையும் செய்கின்றன என்றுதான் நெடுங்காலமாக நம்பப்பட்டது. நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் இரண்டு படிகளையும் தாமே செய்து முடிப்பது 2015இல் கண்டறியப்பட்டது. அவற்றுள் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தவை என்பது நமக்குக் கூடுதல் சுவாரசியம். எந்த வகையாயினும் இவற்றின் தேவைகள் இரண்டு: ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, ஓயாமல் வந்துசேரும் ஆக்சிஜன். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை முழுதாக நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. எனவே அந்தப் பரப்பைத் தரும் செராமிக் வளையங்களை எவ்வளவு அடைத்தாலும், நீர் அவற்றின் ஊடே ஓடாமல் பக்கவாட்டில் நழுவிப்போனால் பயனில்லை. நீரை நாம் விரும்பும் வழியில் போகவைப்பதற்குத்தான் தடுப்புகள்.

எடுத்துக்காட்டாக 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் தடிமனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நீளத்தின் ஒரு முனையில் 12 செ.மீ. விட்டு முதன்மைத் தடுப்பு நிற்கிறது. அதன் பின்னால் கிடைக்கும் 30 செ.மீ. நீளப் பகுதியை இரண்டு குறுக்குத் தடுப்புகள் மூன்று அறைகளாக்குகின்றன. முதல் அறையில் ஸ்பாஞ்ச், இரண்டாவதில் வளையங்கள், மூன்றாவதில் பம்ப். மீன்கள் நீந்தும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கை இது விழுங்கிவிடுகிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். சிறிய தொட்டிகளில் இந்த இழப்பு இன்னும் உறைக்கும்.

தொட்டி நீர் முதல் அறைக்குள் நுழையும் வாயில், மேல் மட்டத்தில் அமைந்த பிளாஸ்டிக் சீப்பு, அதாவது பல் பல்லாக வெட்டிய தகடு. கண்ணாடியில் சன்னல் வெட்டுவது கடினம் என்பதால், முதன்மைத் தடுப்பை இரண்டு துண்டுகளாகச் செய்வது எளிது: 20 செ.மீ. அகலத் துண்டு 35 செ.மீ. உயரத்துக்கும், முதல் அறைக்கு முன்னால் வரும் 10 செ.மீ. அகலத் துண்டு 31 செ.மீ. உயரத்துக்கும் நிற்கட்டும், குட்டைத் துண்டின் மேல் சீப்பைப் பொருத்தலாம். சீப்பின் பற்களிடையே மொத்தம் 5 செ.மீ. திறந்திருப்பதாகவும், பம்ப் மணிக்கு 300 லிட்டர், அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நீரைச் சுழற்றுவதாகவும் கொண்டால், சீப்பின் அடிவிளிம்புக்கு மேல் நீர் 1 செ.மீ. உயரத்துக்குச் சற்றுக் குறைவாக எழும்பி வழியும். ஆகவே தொட்டியின் நீர்மட்டம் 32 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இத்தகைய வழிந்தோடலில் நீரின் உயரம் இரட்டித்தால் பாயும் அளவு 2.8 மடங்காகும். எனவே இலைகள் அடைத்துப் பாதிப் பற்கள் மூடிக்கொண்டாலும், நீர் இன்னும் அரை சென்டிமீட்டர் மட்டும் உயர்ந்து அதே அளவு வழிந்துவிடும். மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தையும் இந்த வாயில் இழுத்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் கழிவை மட்டும் இது தானாக எடுக்காது. பம்ப்பிலிருந்து திரும்பும் நீர் தொட்டியின் எதிர் மூலையை நோக்கிப் பாய்ந்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

இனி படிகளின் கணக்கு. முதல் அறைக்கும் இரண்டாவதற்கும் இடையிலான தடுப்பு தரையிலிருந்து 3 செ.மீ. மேலே தொடங்கி 30 செ.மீ. உயரத்தில் முடிகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான தடுப்பு தரையோடு ஒட்டி, 28 செ.மீ. உயரத்தில் முடிகிறது. நீர் முதல் அறையில் ஸ்பாஞ்ச் வழியே கீழிறங்கி, அடி இடைவெளியில் நுழைந்து, இரண்டாம் அறையில் வளையங்களின் ஊடே மேலேறி, இரண்டாம் தடுப்பைத் தாண்டி பம்ப் அறைக்குள் விழுகிறது. வளையங்களைத் தரையில் கொட்டாமல், சில சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வலைத்தட்டின் மேல் வைத்தால்தான் நீர் அறை முழுவதும் பரவி ஏறும். ஸ்பாஞ்சை அறையின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி அழுத்திச் செருக வேண்டும். ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருந்தால் நீர் அந்த வழியையே தேர்ந்தெடுக்கும். ஸ்பாஞ்ச் முன்னால் வருவதற்கும் காரணம் உண்டு. வளையங்களில் கரிமக் கழிவு படிந்தால், அதைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியாக்கள் இடத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். அம்மோனியாவை மாற்றும், மெதுவாகப் பெருகும் பாக்டீரியாக்கள் அந்தப் போட்டியில் தோற்கும்.

முதல் குறுக்குத் தடுப்பு சீப்பின் அடிவிளிம்பைவிட 1 செ.மீ. தாழ்ந்திருப்பது தற்செயலன்று. ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச் சேர, நீரைத் தள்ள அதிக உயரம் தேவைப்படுவதால் முதல் அறையின் மட்டம் ஏறும். அது 30 செ.மீ. அளவைத் தாண்டியதும் நீர் ஸ்பாஞ்சைத் தவிர்த்து, தடுப்பின் தலைக்கு மேல் வழிந்து இரண்டாம் அறைக்குப் போய்விடும். வடிகட்டும் தரம் குறையும். ஆனால் பம்ப் வறண்டுபோகாது. மேல் விளிம்பில் நீர் வழிவதைக் கண்டால் ஸ்பாஞ்சைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலான வீட்டுத் தயாரிப்புகள் சறுக்குவது மூன்றாம் அறையில். பம்ப் நுழைந்தால் போதும் என்று அதை மிகக் குறுகலாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் சீப்பும் இரண்டாம் தடுப்பும் மற்ற இடங்களின் மட்டங்களைக் கட்டிப்போட்டிருப்பதால், தொட்டி முழுவதிலும் ஆவியாகும் நீரின் இழப்பு இந்த ஓர் அறையில் மட்டுமே தெரியும். மொத்த நீர்ப்பரப்பு 1800 சதுர செ.மீ.; நாளொன்றுக்கு 3 மி.மீ. ஆவியானால் இழப்பு 540 மில்லிலிட்டர். 10 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் கொண்ட பம்ப் அறையில் அது 4.5 செ.மீ. வீழ்ச்சி. 25 செ.மீ. வரை நிரப்பி, 8 செ.மீ. அளவைக் கீழ் எல்லையாகக் கொண்டால், நான்காம் நாள் முடிவதற்குள் நீர் சேர்த்தாக வேண்டும். அறையின் நீளத்தை 6 செ.மீ. ஆகச் சுருக்கினால் வீழ்ச்சி நாளுக்கு 7.5 செ.மீ. ஆகி, இரண்டு நாள்களுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்கும். மேலே கண்ணாடி மூடி போட்டால் ஆவியாதல் வெகுவாகக் குறையும். ஹீட்டரை இந்த அறையில் வைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்: மட்டம் இறங்கி, சூடான ஹீட்டர் காற்றில் வெளிப்பட்டு, பின்னர் நீர் பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும். மட்டம் இறங்காத முதல் அல்லது இரண்டாம் அறையே அதற்குரிய இடம்.

மறுபக்கம், பம்ப் அறை மிகப் பெரிதானாலும் ஆபத்து உண்டு. சீப்பு முற்றிலும் அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையிலுள்ள நீரையெல்லாம் தொட்டிக்குள் தள்ளிவிடும். நம் அமைப்பில் உறிஞ்சுவாய் 3 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதற்கு மேலுள்ள நீர் ஏறத்தாழ 2.6 லிட்டர், 1440 சதுர செ.மீ. பரப்புள்ள தொட்டியில் அது 1.8 செ.மீ. உயர்வு. 32 செ.மீ. மட்டம் 33.8 ஆகுமே தவிர, 36 செ.மீ. விளிம்பைத் தாண்டாது. வேறு அளவுகளில் செய்பவர்கள் கண்ணாடி வெட்டுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலையாவது போட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற அச்சம் மட்டும் இங்கே தேவையற்றது. தொட்டியில் சீப்புக்கு மேலிருக்கும் நீர் அறைகளுக்குள் வழிந்து, எங்கும் மட்டம் 31 செ.மீ. அருகே சமமாகி நின்றுவிடும். பம்ப்பின் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கினாலும், எல்லாம் ஒரே தொட்டிக்குள் நடப்பதால் தரையில் ஒரு சொட்டும் சிந்தாது.

ஒட்டும் வேலையில் பொருள்தேர்வு முக்கியம். தடுப்புக்கு அக்ரிலிக் தகடு எளிதில் வெட்டப்படும் என்றாலும், சிலிக்கான் அதில் உறுதியாகப் பற்றுவதில்லை. வெப்பத்தில் அது கண்ணாடியைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு விரிகிறது, நீரையும் உறிஞ்சி வளைகிறது. எனவே சீப்பைத் தவிர மற்றவை கண்ணாடியாகவே இருக்கட்டும். உலரும்போது வினிகர் நெடி வீசும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானே வேண்டும். குளியலறைக்கென விற்கப்படுபவற்றில் அந்த மருந்து பெரும்பாலும் இருக்கும், அது மீனுக்கு நஞ்சு. கண்ணாடியை அறையின் அகலத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. குறைத்து வெட்டினால், இரு பக்கமும் பசைக்கு இடம் கிடைக்கும். தொட்டியின் மூலைகளில் ஏற்கெனவே உள்ள பசைப் பட்டை தடுப்புக்கு இடைஞ்சல் செய்தால், பட்டையை வெட்டாமல் தடுப்பின் மூலையைச் சிறிது தேய்த்துக் குறைப்பதே பாதுகாப்பானது, ஏனெனில் உலர்ந்த சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் நன்றாக ஒட்டாது. பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவதால், நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஆழமே கெட்டிப்படும்; ஒரு வாரம் பொறுத்து, நெடி முற்றிலும் போனபின் நீர் நிரப்பலாம்.

நிரப்பும்போது இரு பக்கமும் ஒருசேர நிரப்ப வேண்டும். இயங்கும் நிலையில் தடுப்பின் இருபுற மட்டங்களும் நெருங்கியிருப்பதால் அதன்மேல் விசை குறைவு. ஆனால் அறைகளைக் காலியாக வைத்துத் தொட்டியைச் சீப்பின் அடிவிளிம்பான 31 செ.மீ. வரை நிரப்பினால், முதன்மைத் தடுப்பின் மேல் ஏறத்தாழ 14 கிலோ எடைக்கு ஈடான விசை ஒரே பக்கமாக அழுத்தும்.

வளையங்களில் நுண்ணுயிர்கள் வேரூன்ற பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதனைக் கரைசலால் அளந்துவர வேண்டும். ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவாமல், நீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். வளையங்களை அடிக்கடி தொட வேண்டியதில்லை. நைட்ரேட்டை இந்த அறை நீக்குவதில்லை என்பதால், பகுதி நீர் மாற்றம் வழக்கம்போல் தொடர வேண்டும். பம்ப் அறையின் வெளிக்கண்ணாடியில் 25, 8 ஆகிய இரண்டு மட்டங்களுக்கும் கோடு போட்டுவைத்தால், எப்போது நீர் ஊற்ற வேண்டும் என்பதை வீட்டிலுள்ள யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.