கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் தின்ற குழந்தைக்கு முறிவு மருந்து இன்னும் வரவில்லை

அமெரிக்காவில் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மறுபடியும் ஒரு குழந்தை. உடம்பு துவண்டு கிடக்கிறது, கிள்ளினால் லேசாக முனகுகிறது. என்ன சாப்பிட்டான் என்று கேட்டால், "ஒன்றுமில்லை டாக்டர், நல்லாத்தான் விளையாடிக்கிட்டு இருந்தான்." தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளைக்காய்ச்சலோ என்று முதுகுத்தண்டில் ஊசி குத்தத் தயாரான பிறகுதான் அம்மா கம்மி பாக்கெட்டைப் பற்றிச் சொன்னார்.

உடனே அப்பா, "சரி, முறிவு ஊசி போட்டுடுங்க" என்றார்.

அப்படி ஓர் ஊசி இல்லை. நலாக்ஸோன் என்ற முறிவு மருந்து ஹெராயின், ஃபெண்டனில் வகை போதை மருந்துகளுக்குத்தான், கஞ்சாவுக்குக் கேட்காது. எலுமிச்சைச் சாறு, மோர், கடுங்காப்பி எதற்கும் இது இறங்காது. மயங்கிய குழந்தையின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தாலும் அதே ஆபத்துதான். பாட்டி சொன்னாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும் செய்யாதீர்கள். எங்களால் முடிந்ததெல்லாம் மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனித்து, சலைன் ஏற்றி, தேவைப்பட்டால் வென்டிலேட்டர் வைத்துக் காத்திருப்பதுதான். சில குழந்தைகளுக்கு முழுதாகத் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

முறிவு மருந்துக்கான முயற்சி நடக்கிறது. செலோனபான்ட் என்ற மருந்தை நெதர்லாந்தில் சோதித்தார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி.யோடு இதையும் கொடுத்தபோது போதை உணர்வு நன்றாகக் குறைந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அளந்து கொடுத்த டி.ஹெச்.சி.யை விழுங்கிய பெரியவர் வேறு, எத்தனை தின்றது என்றே தெரியாத இரண்டு வயதுக் குழந்தை வேறு. இன்னொன்று: மூளையில் செலோனபான்ட் தடுக்கும் அதே இடத்தைத் தடுக்கும் ரிமோனபான்ட் என்ற மருந்து, உடல் பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வந்ததால் 2008இல் நிறுத்தப்பட்டது. அது தினமும் விழுங்கிய மாத்திரை, இது அவசரத்துக்கு ஒரு முறை; என்றாலும் நிதானமாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்டோர் கஞ்சாத் தின்பண்டம் தின்றதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2017இல் 207, 2021இல் 3,054. உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டி.ஹெச்.சி. உள்ளே போனாலே நிலைமை மோசமாகலாம். பத்து கிலோ குழந்தைக்கு, 10 மில்லிகிராம் கம்மி இரண்டே போதும். பாக்கெட்டில் பத்து இருக்கிறது.

வீட்டில் கஞ்சாத் தின்பண்டம் இருந்தால் பூட்டி வையுங்கள். உயரமான அலமாரி பூட்டு ஆகாது. விருந்தாளியின் கைப்பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விசா, போலீஸ் என்ற பயம் புரிகிறது. சமூகப் பணியாளர் வந்து விசாரிக்கக்கூடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். அதற்குள் குழந்தை தேவையில்லாத ஊசியையும் ஸ்கேனையும் தாங்க வேண்டியிருக்கும். தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தின்றது தெரிந்தும், நன்றாகத்தானே இருக்கிறான் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தின்ற பிறகு போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். உடனே விஷ முறிவு மையத்தை 1-800-222-1222இல் கூப்பிடுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் 911. வரும்போது பாக்கெட்டைக் கையோடு எடுத்து வாருங்கள், காலியாக இருந்தாலும்.