குளியலறையில் அலமாரி எங்கே வரவேண்டும்?

குளியலறைக்கு டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், அலமாரியைப் பற்றி யோசிப்பது குடிவந்த பிறகுதான். நாலைந்து பேரின் ஷாம்பூ, சோப்பு, பிரஷ், குழந்தையின் பிளாஸ்டிக் வாத்து எல்லாம் ஜன்னல் விளிம்பிலும் ஃப்ளஷ் தொட்டி மேலும் குவிந்தபின் சுவரில் எங்கே துளை போடலாம் என்று தேடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். வாஷ்பேசினுக்குக் கீழே ஆசையாக ஒரு எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட்டி மாட்டினேன். ஒரே வருடத்தில் கதவின் அடிப்பக்கம் ஊதிப்போய் மூடவே மறுத்தது. அந்த அறையில் எது எங்கே இருக்கலாம் என்பதில் தண்ணீரின் பேச்சுதான் எடுபடும் என்று அப்போது புரிந்தது.

முதலில் கழிவுக்குழாய். கழிப்பறைக் கோப்பையிலிருந்து போகும் குழாய் பொதுவாக 110 மி.மீ. விட்டம், அதற்கு 40க்கு 1 என்ற அளவில் வாட்டம் கொடுப்பது வழக்கம். அதாவது கோப்பையை 3 மீட்டர் தள்ளி வைத்தால் குழாயின் மறுமுனை 75 மி.மீ. கீழே இறங்கவேண்டும், குழாயின் தடிமனையும் சேர்த்தால் தரைக்கடியில் 18 செ.மீ.க்கு மேல் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் தரையை உயர்த்தி ஒரு படி கட்டவேண்டியிருக்கும், வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அது வேண்டாத வேலை. அதனால் வரைபடத்தில் கோப்பைக்கு முதல் இடம், கழிவைக் கீழே இறக்கும் செங்குத்துக் குழாய்க்குப் பக்கத்திலேயே. அதன் நடுக்கோட்டிலிருந்து பக்கச்சுவருக்கு 38 செ.மீ.யாவது விடுங்கள், முன்னால் 60 செ.மீ. இருந்தால் முழங்கால் இடிக்காது. மிச்சமிருக்கும் சுவர்தான் அலமாரிக்கு.

அந்த மிச்சச் சுவரில் எந்தப் பகுதி நல்லது? அதை ஆவி சொல்லும். 30 டிகிரி செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். வெந்நீரில் குளிக்கும்போது நிறைந்த ஆவி குளிர்ந்த சுவரையோ கண்ணாடியையோ தொட்டதும் மீதி 13 கிராம் தண்ணீராக உதிர்கிறது. 2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 12 கன மீட்டர் காற்று. அது முழுக்க 30லிருந்து 20 டிகிரிக்கு ஆறினால் சுமார் 150 கிராம், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே படிந்துவிடும். வீட்டில் நாலு பேர் வரிசையாகக் குளித்தால் ஒருவர் விட்டுப்போன ஈரம் காய்வதற்குள் அடுத்தவரின் ஈரம் வந்து சேரும்.

என் எம்டிஎஃப் பெட்டி செத்ததும் இப்படித்தான். மரநாரைப் பசையோடு சேர்த்து, சூடாக்கி, அழுத்திச் செய்த பலகை அது. வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் புகுந்தால் அமுக்கி வைத்த நார்கள் விரிந்துகொள்கின்றன, காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மேல்பரப்பு லேமினேட் எவ்வளவு பளபளத்தாலும் விளிம்பு திறந்திருந்தால் பயனில்லை. நீர் தாங்கும் பிளைவுட், பிவிசி பலகை, எவர்சில்வர் ஏதாவது ஒன்று தேவலை. பெட்டியைத் தரையில் உட்காரவைக்காமல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள், அடியில் துடைக்கவும் முடியும். குளிர் அதிகமான ஊராக இருந்தால் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். பின்னால் காற்று அசையாமல் நின்று, குளிர்ந்து, பூஞ்சை பிடிக்கும்.

ஈரத்தை வெளியேற்றி அலமாரியைக் காப்பாற்றுவதால் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரு சேமிப்புச் சாதனம் என்றே சொல்வேன். மணிக்கு 85 கன மீட்டர் காற்றை இழுக்கிற ஃபேன் அந்த 12 கன மீட்டரை எட்டரை நிமிடத்தில் ஒருமுறை மாற்றும், ஆனால் புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்று போதாது. குளித்து முடித்து 20, 25 நிமிடம் ஓடவேண்டும். கதவுக்கடியில் விரற்கடை இடைவெளி இல்லையென்றால் ஃபேனுக்கு இழுக்கக் காற்றே கிடைக்காது, வெறும் சத்தம்தான்.

துண்டுக்கணக்கை யாரும் போடுவதில்லை. 70 செ.மீ. அகலத் துண்டைக் கொக்கியில் மாட்டினால் மடிப்புக்குள் மடிப்பாகத் தொங்கி உள்ளே ஈரம் தங்கி நாற்றமெடுக்கும், கம்பியில் விரித்தால்தான் இரண்டு பக்கமும் காற்றுப்படும். நாலு பேருக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் கம்பி! அவ்வளவு சுவர் யாரிடம் இருக்கிறது? ஏணிபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பிகளை வையுங்கள், அல்லது கதவின் பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

ஷாம்பூ வகையறாவுக்குச் சுவரிலேயே 10 செ.மீ. ஆழத்தில் மாடம் விடுவது எனக்குப் பிடித்த வழி, நடக்கிற இடத்தைத் தின்னாது. அடிப்பலகைக்கு ஷவர் பக்கமாகக் கொஞ்சம் வாட்டம் வேண்டும், நீர்க்காப்புப் பூச்சு மூலைவரை விடாமல் போகவேண்டும். பாரம் தாங்கும் சுவரை வெட்டக்கூடாது, குழாயோ மின்கம்பியோ போகிற சுவரையும் பார்க்காமல் தொடக்கூடாது. பொதுவாகவே ஆழமான தட்டுகளை விட 15 செ.மீ. தட்டுகள் நிறைய இருப்பது மேல், பின்வரிசையில் போன புட்டி மறந்துபோகும்.

பிரஷ் வைக்கும் தட்டு கோப்பையிலிருந்து எட்டவே இருக்கட்டும். ஃப்ளஷ் செய்யும்போது கிருமிகள் கலந்த நுண்துளிகள் காற்றில் எழும்பிச் சுற்றிப் படிவதை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சார்ல்ஸ் கெர்பா 1975லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். அப்புறம், கண்ணாடி அலமாரியில் மருந்துகளை அடுக்குகிற பழக்கம். வெப்பமும் ஈரமும் மாத்திரைகளைச் சீக்கிரம் கெடுக்கும், அந்தப் பெட்டியைப் படுக்கையறைக்கு மாற்றினால் குளியலறையில் ஒரு தட்டு சும்மாவே காலியாகிவிடும்.