ஸ்கேப்கோட்: பலிகடாவா, போக்காடா?

கால்பந்தில் ஒரு பெரிய ஆட்டம் கைநழுவிப் போனால், மறுநாள் ஆங்கிலச் செய்திகளில் 'ஸ்கேப்கோட்' என்ற சொல் அடிபடும். தோல்விக்குப் பலர் காரணமாக இருக்க, மொத்தப் பழியும் ஒருவர் தலையில் விழுந்தால் அவருக்கு இந்தப் பெயர். தமிழில் 'பலிகடா' என்கிறோம்.

சொல் பிறந்தது விவிலியத்தில். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலி. மற்றதை வெட்டுவதில்லை. ஆசாரியன் அதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். இந்த இரண்டாவது ஆடு போய்ச் சேருவதைப் பற்றி எபிரேய மூலத்தில் 'அசாசேல்' என்றிருக்கிறது. அது இடமா, பேயா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. 1530இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் அதைத் 'தப்பிப்போகும் ஆடு' என்று கொண்டு, 'எஸ்கேப்', 'கோட்' இரண்டையும் ஒட்டவைத்தார்.

ஆக, நாம் சொல்லும் பலிகடா அந்த முதல் ஆடு. இரண்டாவதற்குத் தமிழ் விவிலியத்திலேயே நல்ல பெயர் இருக்கிறது: போக்காடு. போக்கிவிடப்பட்ட ஆடு. கால்பந்து ரசிகர்கள் செய்வதற்கு இதுதான் பொருத்தம் என்பேன்.

பிரேசில் கோல்கீப்பர் மோசிர் பார்போசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 ஜூலை 16, மரக்கானா அரங்கம். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. 1-0 என்று முன்னிலையும் பெற்றாகிவிட்டது. அப்புறம் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79ஆம் நிமிடத்தில் கிஜ்ஜியா அதே பக்கத்தில் மறுபடியும் வந்தார். பார்போசா இம்முறையும் பந்து குறுக்கே வரும் என்று ஓரடி நகர்ந்தார். கிஜ்ஜியாவோ அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அடித்துவிட்டார். 2-1.

அந்த ஓரடி நியாயமான கணிப்பு. ஒரே பக்கத்தில் தற்காப்பு இரண்டு முறை உடைந்ததும், முன்னிலை பெற்ற அணி அதன்பின் ஒரு கோல்கூட அடிக்காததும் கீப்பரின் குற்றமா? ஆனால் பழி விழுந்தது பார்போசா மீதும், தற்காப்பாளர்கள் பிகோடே, ஜுவெனல் மீதும். மூவரும் கறுப்பர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கூடாது. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுதான், தானோ 50 ஆண்டாக அனுபவிப்பதாகப் பார்போசா சொன்னார். 2000இல் இறந்தார்.

ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2018 இறுதியாட்டத்தில் லிவர்பூல் கீப்பர் லோரிஸ் கேரியுஸின் இரண்டு பிழைகள் கோலாயின. பிழைகள் உண்மைதான். ஆனால் அவற்றுக்குமுன் எதிரணி வீரர் செர்ஜியோ ராமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டிருந்தது. ஆட்டத்தின்போதே அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகப் பிறகு அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள். அதற்குள் வசையும் கொலைமிரட்டலும் வந்து சேர்ந்திருந்தன.

சரி, பலிகடாவைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ள நிர்வாகிகள் பயிற்சியாளரை வேலையைவிட்டுத் தூக்கினால், அவர் பலிகடாதான். அது தெரிந்தே கொடுக்கும் காவு. கூட்டத்தின் ஆத்திரத்தைச் சுமந்துகொண்டு ஆயுள் முழுக்க ஒதுக்கி வைக்கப்படுகிற ஆட்டக்காரரைப் போக்காடு என்று எழுதலாம்.